சிட்டு முன்னாடி, அம்மி பின்னாடி

கோவில்பட்டிதானே? வாங்க, ஒக்காருங்க. நானும் கோவில்பட்டிதான். சன்னல் பக்கம் போயிருங்க யக்கா, எனக்குக் காத்து நேரா மூஞ்சில அடிச்சா தலை வலிக்கும். டிக்கெட் கீழயே எடுத்துட்டீங்களா? நல்லது, நானும் எடுத்துட்டேன். பைய மேல போட வேணாம், மடியிலயே வச்சுக்கோங்க. வளையலா உள்ள? பைய வைக்கும்போதே சத்தம் கேட்டுச்சு. வளைகாப்புதான். கோவில்பட்டில யாருக்கு? சரி சரி, மொதல்ல மூச்சு வாங்குங்க, ஓடி வந்திருக்கீங்க. அப்புறம் நிதானமா சொல்லுங்க.

என்ன, என் ஃபோனப் பாக்குறீங்க? இம்புட்டுப் பெரிய பொம்பள கையில பொம்மை வெளையாட்டான்னு நெனைக்கிறீங்க. எல்லாரும் அப்படித்தான் நெனைப்பாங்க. எனக்கு முப்பத்தாறு வயசு, ஜவுளிக்கடைல பில் போடுறேன், தீபாவளிக் கூட்டத்துல என் கவுண்டர்ல மட்டும் வரிசையே நிக்காது. கை அம்புட்டு வேகம். அதனாலதான் இந்த வெளையாட்டும் எனக்கு ஒட்டிக்கிச்சு.

இது பேரு மான்ஸ்டர் மேளா. ஜந்துகள வளக்கணும், சண்டைக்கு எறக்கணும். ஒவ்வொண்ணுக்கும் வேகம் இம்புட்டுன்னு ஒரு நம்பர் இருக்கும். ஒவ்வொரு சுத்துக்கும் ரெண்டு பக்கமும் என்ன செய்யப் போறோம்னு ரகசியமா அமுக்கிரணும், அதுக்கு நாப்பத்தஞ்சு செகண்டு நேரம். அப்புறம் வேகமானது மொதல்ல அடிக்கும், மெதுவானது கடைசில அடிக்கும். அம்புட்டுத்தான் சட்டம்.

இந்தா, நீலமா நிக்குது பாருங்க, கீரிப்பிள்ளை கணக்கா, ஒடம்ப விட வால் நீளம். கம்பெனிக்காரன் வச்ச பேரு வாய்ல நுழையாது. நான் வச்ச பேரு சிட்டு. வேகம் நூத்தி முப்பத்தெட்டு. எங்க வட்டாரத்துல இதுக்கு முன்னாடி அடிச்ச ஜந்து கெடையாது. ஆனா ஒடம்பு அப்பளம். ஒரு அடி சரியா விழுந்தா முடிஞ்சுச்சு. அதனால வேகமான ஜந்த வச்சு ஆடுறதுக்குன்னு ஒரு தந்திரம் இருக்குக்கா. சும்மா முன்னாடி போய் முன்னாடி அடிச்சாப் போதும்னு சின்னப் புள்ளைங்க நெனைக்குதுங்க. அது தப்பு.

நான் சொல்றேன் கேளுங்க. மொத விஷயம், நிக்கக் கூடாது. அடிச்ச கையோட உள்ள வந்துரணும், அடுத்த ஜந்த வெளிய அனுப்பிரணும். அதுக்குன்னு ஒரு வித்தை இருக்கு, தொட்டுட்டு ஓடுன்னு நாங்க சொல்வோம். எதிராளி அடிக்க வரும்போது அங்க சிட்டு இருக்காது, வேற ஒண்ணு நிக்கும். அடுத்து, கழுத்துல பலம் ஏத்துற மணியக் கட்டக் கூடாது, தாயத்துதான் கட்டணும். தாயத்து இருந்தா எம்புட்டுப் பெரிய அடி விழுந்தாலும் ஒரே ஒரு தடவை ஒரு இழை உசுரு மிஞ்சும். அந்த ஒரு இழைல இன்னொரு வேலை பாத்துரலாம்.

எல்லாத்துக்கும் மேல வாய்ப்பூட்டு. அதுதான் எனக்கு உசுரு. எதிர்ல நிக்கிறது மெதுவான ஜந்தா இருந்தா அது என்ன செய்யும்? கேடயம் போடும், மருந்து குடிக்கும், பலத்த ஏத்திக்கும், நிதானமா என்னென்னமோ செய்யும். அத விடவே கூடாது. அது வாயத் தெறக்குறதுக்குள்ள பூட்டப் போட்டுரணும். பூட்டிட்டா மூணு சுத்துக்கு அதால இதெல்லாம் செய்ய முடியாது, வெறும் அடி மட்டுந்தான் அடிக்கலாம். வேகமா இருக்குறதோட பிரயோசனமே அதான யக்கா? என்ன? இருங்க இருங்க, நீங்க என்ன கேக்க வர்றீங்கன்னு தெரியும். இதெல்லாம் யாரு சொல்லிக் குடுத்தான்னுதானே?

என் நாத்தனார்தான். மாரிச்செல்வி. எங்க வீட்டுக்காரரோட தங்கச்சி. நான் கல்யாணமாகி வரும்போது பள்ளிக்கூடம் போய்ட்டிருந்தா, இப்ப இருபத்தாறு ஆகுது. ரத்தம் டெஸ்ட் பண்ற லேப்ல வேலை. தங்கமான புள்ள. ஒரே ஒரு கொறை, பேச மாட்டா. ஊமையில்ல யக்கா, நல்லாப் பேசுவா. ஆனா ஒரு கேள்வி கேட்டா அத உள்ள வாங்கி, ஊறப் போட்டு, அலசிப் பிழிஞ்சு, அப்புறம்தான் பதில் வரும். காப்பி வேணுமா டீ வேணுமான்னு கேட்டுட்டு நான் ரெண்டையும் போட்டு எறக்கிருவேன், அதுக்கப்புறம் டீன்னு சொல்வா.

அவ வச்சிருந்த ஜந்தும் அப்படித்தான். கல்லு மாதிரி ஒண்ணு, நாலு காலு, கழுத்தே கெடையாது. வேகம் ஒம்போது. ஒம்போதுன்னா ஒம்போதேதான். அதுக்கு அம்மின்னு பேரு வச்சிருந்தா. ஆனா அம்மி அடிச்சா அடிதான், பக்கத்து ஜந்துக்கும் சேத்து வலிக்கும். அடிக்க அதுக்கு முறை வரணும்ல, அதுதான் பிரச்சினை. அவளும் அந்த நாப்பத்தஞ்சு செகண்டுல நாப்பத்தி நாலு செகண்டு யோசிப்பா. நம்பர் செவப்பாகி அஞ்சு, நாலு, மூணுன்னு வரும், அப்பத்தான் அமுக்குவா. நான் ரெண்டு செகண்டுல அமுக்கிட்டு அவ மூஞ்சியப் பாத்துட்டு உக்காந்திருப்பேன்.

நாங்க ரெண்டு பேரும் சோடி. இந்த வெளையாட்டுல சோடி ஆட்டம்னு உண்டு, ஆளுக்கு ஒரு ஜந்து ஒரே நேரத்துல நிக்கும். சிட்டு முன்னாடி, அம்மி பின்னாடி. சிட்டு போய்ப் பூட்டிட்டு வந்துரும், அம்மி போய் நசுக்கிரும். நாலு வருசம் அப்படி ஆடுனோம் யக்கா. ராத்திரி சாப்பிட்டு முடிச்சு பாத்திரம் கழுவுனதும் ரெண்டு பேரும் அடுப்படியிலயே காலை நீட்டி உக்காந்துருவோம். எங்க அத்தை, அதான் மாமியார், மாமியார் நாத்தனார் சண்டை இல்லாத வீடு இதான்னு ஊரெல்லாம் சொல்லும்.

அம்மிக்கிட்ட ஒரு வித்தை இருந்துச்சு. தலைகீழ். அதப் போட்டா அஞ்சு சுத்துக்கு சட்டமே மாறிரும். மெதுவானது மொதல்ல அடிக்கும், வேகமானது கடைசி. எனக்கு அதக் கண்டாலே ஆகாது. ஒரு ஜந்துக்கு நாலு வித்தைதான் வச்சுக்கலாம், அதுல ஒரு எடத்த இது அடைச்சுக்கிட்டு கெடக்குது. ஆரம்பத்துலயே, அத எடுத்துரு மாரின்னேன். சிட்டு இருக்கையில அது எதுக்கு? அவ தலையக் குனிஞ்சு ஃபோனப் பாத்துட்டு இருந்தா. சரின்னு சொன்னாளா? சொல்லலை. ஆனா மாட்டேன்னும் சொல்லலையே! நான் சரின்னுதான் எடுத்துக்கிட்டேன்.

அடடா, வெயிலு உங்க மேல அடிக்குதே, திரைய இழுத்து விடுங்க. நான் இழுத்து விடுறேன். ம். இப்ப விஷயத்துக்கு வர்றேன்.

போன கார்த்திகை கடைசில மாரியப் பொண்ணு பாக்க வந்தாங்க. ராஜபாளையம். மாப்பிள்ளை மில்லுல சூப்பர்வைசர், நல்ல குடும்பம். எங்க தெருவுலயே இருக்குற பிரேமா டீச்சர் மாப்பிள்ளைக்குச் சித்தி முறை, அவங்கதான் கூட்டிட்டு வந்தது. பஜ்ஜி, கேசரி எல்லாம் ஆச்சு. பையனுக்குப் பிடிச்சுப் போச்சு, மூஞ்சியப் பாத்தாலே தெரிஞ்சுது. அப்ப மாப்பிள்ளையோட அம்மா கேட்டாங்க, கல்யாணத்துக்கு அப்புறம் லேப் வேலைய விட்டுரலாம்லம்மா, எங்க வீட்டுல பொம்பளைங்க வேலைக்குப் போற வழக்கமில்லன்னு. மாரியப் பாத்துத்தான் கேட்டாங்க.

இவ என்ன பண்ணா? வழக்கம்போல உள்ள வாங்கிட்டு உக்காந்திருக்கா. சபை யக்கா அது! பத்துப் பேரு உக்காந்திருக்காங்க. ஒரு செகண்டு ஆச்சு, ரெண்டு செகண்டு ஆச்சு. மாப்பிள்ளையோட அம்மா மூஞ்சி மாறுற மாதிரி எனக்குத் தெரிஞ்சுது. டக்குனு நான் சொல்லிட்டேன், அதுக்கென்னம்மா, விட்டுருவா, தாராளமா விட்டுருவான்னு. அவங்க சிரிச்சாங்க, எல்லாரும் சிரிச்சாங்க, வெத்தலத் தட்டு மாறுச்சு. நான் மட்டும் அன்னிக்கு வாயத் தெறக்கலைன்னா அந்தப் பேச்சு அங்கயே நின்னுருக்கும். எங்க அத்தையே சொன்னாங்க, சமயத்துல காப்பாத்துன தாயின்னு.

மாரியா? அவ வாயத் தெறந்திருந்தா. அது எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு. வாய் லேசாத் தெறந்திருந்துச்சு, அப்புறம் மூடிக்கிட்டா.

தை பொறந்ததும் பூ வைக்கிறதுன்னு முடிவாச்சு. நடுவுல மார்கழி. எங்க வீட்டுல மார்கழியில கல்யாணப் பேச்ச எடுக்கவே கூடாது. அத்தை அதுல கறார். மாரி ஒரு நாள் அடுப்படியில என்கிட்ட, மதினி, அந்த வேலை விஷயம்னு ஆரம்பிச்சா. நான், உஷ், மார்கழிடி, அத்தை காதுல விழுந்தா ஆடித் தீத்துருவாங்க, தையில பேசுவோம்னு சொல்லிட்டேன். நல்லதுக்குத்தான் சொன்னேன். அவளும் சரின்னு போயிட்டா. அப்புறம் முப்பது நாளும் ஒரு சொல்லு பேசலை. நானும், புள்ளைக்குக் கல்யாணக் களை வந்துருச்சுன்னு நெனச்சுக்கிட்டேன்.

யக்கா, எங்க எந்திரிக்கிறீங்க? ஒக்காருங்க, ஒக்காருங்க! இது விருதுநகர். கூட்டம் ஏறுது பாருங்க, எந்திரிச்சா எடம் போயிரும். தண்ணி பாட்டில் வேணுமா? என்கிட்ட இருக்கு, இந்தாங்க. கோவில்பட்டிக்கு இன்னும் ஒரு மணி நேரம் கெடக்கு. நல்லவேளை நான் பக்கத்துல இருந்தேன், இல்லாட்டி மாத்தி எறங்கியிருப்பீங்க. கையக் காலை ஆட்டாதீங்க, அந்தாளு வேற பையத் தூக்கிட்டு வர்றாரு. ம், கெளம்பிட்டான். இனிமே வேகமாப் போவான்.

எங்க விட்டேன்? பொங்கல். எங்க தெருவுல மாட்டுப் பொங்கலன்னிக்கு மைக் செட்டுக் கட்டி போட்டி வைப்பாங்க. கோலம், உறியடி, மியூசிக்கல் சேர். இந்த வருசம் புதுசா மான்ஸ்டர் மேளா சோடி ஆட்டமும் வச்சுட்டாங்க. வெள்ளைத் துணி கட்டி அதுல பெருசாப் படம் காட்டுறாங்க, ஒருத்தன் மைக்ல கத்துறான், அடுத்து களத்தில் இறங்குவது நமது தெருவின் மதினி நாத்தனார் ஜோடின்னு. பரிசு குடுக்க பிரேமா டீச்சர் முன் வரிசையில உக்காந்திருக்காங்க. டீச்சர் மாப்பிள்ளையோட அம்மாவுக்குத் தங்கச்சில்ல, அவங்களுக்குப் பொங்கச்சீர் குடுக்க ராஜபாளையத்துல இருந்து வந்த அந்தம்மாவும் பக்கத்துலயே உக்காந்துட்டாங்க.

மூணு ஆட்டம் சுளுவா ஜெயிச்சோம். நாலாவது கடைசி ஆட்டம். எதிர்ல மேலத்தெரு பாலிடெக்னிக் பசங்க ரெண்டு பேரு. அவனுங்க முந்துன ஆட்டத்த ஆடும்போது நான் டீ குடிக்கப் போயிட்டேன். மாரி உக்காந்து பாத்திருக்கா. நான் வந்ததும், மதினி, அவங்க கழுகுன்னு ஆரம்பிச்சா. எனக்கு மேடைக்குப் போற அவசரம். கழுகாவது காக்காயாவது, சிட்டுக்கு முன்னாடி எது நிக்கும், வாடின்னு இழுத்துட்டுப் போயிட்டேன்.

ஆளுக்கு ரெண்டு ஜந்து. மொத ஜந்துங்க ரெண்டு பக்கமும் போயிருச்சு. மிச்சம் எங்க பக்கம் சிட்டும் அம்மியும், அவனுங்க பக்கம் கழுகும் பாம்பும். பாம்பு கேடயம் போடுற ஜாதி. நான் என்ன செய்வேன்? ரெண்டே செகண்டுல அமுக்கிட்டேன், பாம்புக்கு வாய்ப்பூட்டு. மாரி வழக்கம்போல நாப்பத்தி நாலாவது செகண்டுல அமுக்குனா.

யக்கா, அப்பத்தான் அது நடந்துச்சு. கழுகு மொதல்ல அடிச்சுச்சு! என் சிட்டுக்கு முன்னாடி! அதுக்கு றெக்கைல என்னமோ கட்டி வேகத்த நூத்தி அம்பத்தொண்ணா ஏத்தி வச்சிருக்கானுங்க. நாலு வருசத்துல சிட்டுக்கு முன்னாடி ஒருத்தன் அடிச்சு நான் பாத்ததே இல்ல. தெருவே ஓன்னு கத்துது. சிட்டு சாஞ்சுருச்சு. தாயத்து இருந்ததால ஒரு இழை உசுரு. அந்த உசுரோட போயி பாம்புக்குப் பூட்டப் போட்டுருச்சு, பாவம். பாம்பு வேற வழியில்லாம அம்மியக் கடிச்சுச்சு, அம்மிக்கு அது கொசுக்கடி.

கடைசியா அம்மிக்கு முறை. அடிக்கப் போகுதுன்னு பாக்குறேன், அடிக்கல. தெரை பூராம் ஊதா கலரா மாறுது. எழுத்து எல்லாம் கவுந்து வருது. தலைகீழ்! எடுக்கவே இல்ல அவ! நாலு வருசமா வச்சிருந்திருக்கா!

என்னடி பண்ணி வச்சிருக்கன்னு கேட்டேன். மைக்ல கேட்டுருக்கும். அவ என்னையப் பாக்கல, தெரையப் பாத்துட்டே, அஞ்சு சுத்து மதினி, நான் முன்னாடின்னா. எனக்கு வந்த கோவத்துக்கு அளவே இல்ல. அத்தன பேரு முன்னாடி சிட்டப் பின்னாடி தள்ளிட்டா. சரி, மாத்து ஜந்து இல்லாட்டியும் ஒரு சுத்துக்கு ஓடி ஒளிஞ்சுக்கலாம், உசுராவது மிஞ்சும்னு கைய வைக்கப் போறேன். மதினி, ஓடாதீங்க, கழுக அடிங்கன்னா. எனக்கு ஒண்ணும் புரியல. நம்பர் செவப்பாயிருச்சு, அஞ்சு, நாலு, மூணு. என் வாழ்க்கையிலயே மொத தடவையா நாப்பத்தி நாலாவது செகண்டுல அமுக்குனேன்.

மொதல்ல அம்மி. அதுக்கு முன்னாடி யாருமே இல்ல. பாம்பு மேல விழுந்துச்சு, பாம்புக்கு வாய்ப்பூட்டு, கேடயம் கெடையாது, ஒரே நசுக்கு. அடுத்து யாரு? நீங்களே சொல்லுங்க. கழுகுக்கு நூத்தி அம்பத்தொண்ணு, சிட்டுக்கு நூத்தி முப்பத்தெட்டு. இப்ப மெதுவானது எது? சிட்டு! கழுகு அப்படியே றெக்கைய விரிச்சு நிக்குது, முறை வரலை. சிட்டு போயி ஒரே அடி. வேகமான ஜந்துங்க எல்லாமே அப்பளம்தான யக்கா, கழுகும் அப்பளம்தான். விழுந்துருச்சு. முடிஞ்சு போச்சு ஆட்டம். அந்தப் பசங்க ரெண்டு பேரும் வாயப் பொளந்துட்டு உக்காந்திருக்கானுங்க.

ஜெயிச்சது சந்தோசந்தான், இல்லேங்கல. ஆனா ஒரு சொல்லு முன்னாடியே சொல்லியிருக்கலாம்ல? சோடிக்காரிகிட்ட மறைக்கிறது நியாயமா? அதத்தான் நான் கேக்குறேன்.

அதோட விட்டாளா? பிரேமா டீச்சர் மேடைக்கு வந்து இண்டக்ஷன் அடுப்பக் கையில குடுத்தாங்க. மைக்காரன், வெற்றி பெற்ற ஜோடி ரெண்டு வார்த்தை பேசணும்னான். நான் மைக்குக்குக் கைய நீட்டுனேன். வழக்கமா நான்தான பேசுவேன்? மாரி என் கையப் பிடிச்சுக்கிட்டா. மெதுவாத்தான் பிடிச்சா. பிடிச்சுட்டு, இன்னும் நாலு சுத்து பாக்கி இருக்கு மதினின்னா. மைக்க வாங்கிக்கிட்டா.

வாங்கிட்டுப் பேசலை! நிக்கிறா. தெருவே பாக்குது. மைக்காரன் இருமுறான். எனக்கு நாக்கு நுனி வரைக்கும் வந்துருச்சு, எல்லாருக்கும் நன்றின்னு கத்திரலாமான்னு. அவ கை என் கையில இருந்துச்சு, அதனால விட்டுட்டேன். நாப்பத்தி நாலு செகண்டு இருக்கும்.

அப்புறம் சொன்னா. கார்த்திகையில என்கிட்ட ஒரு கேள்வி கேட்டாங்க. எங்க மதினி பதில் சொல்லிட்டாங்க. அது என் பதில் இல்ல. நான் லேப் வேலைய விட மாட்டேன். அம்புட்டுத்தான். மைக்க நிதானமாத் திருப்பிக் குடுத்துட்டு எறங்கிப் போயிட்டா.

மாப்பிள்ளையோட அம்மா பூ வைக்கிறதப் பத்தி வீட்டுல கேட்டுச் சொல்றோம்னு எந்திரிச்சுப் போனாங்க. இன்னிக்கு ஆனி பொறந்தாச்சு, இன்னும் கேட்டுட்டே இருக்காங்க. அத்தை ஒரு வாரம் என்கிட்டப் பேசலை. என்னமோ நான் தப்புப் பண்ண மாதிரி! எங்க வீட்டுக்காரரு இருக்காரே, இண்டக்ஷன் அடுப்புல பால் காய்ச்சும்போதெல்லாம், உனக்கும் ஒரு வாய்ப்பூட்டு கெடைச்சா நல்லாருக்கும்னு சிரிக்கிறாரு. நான் யாரையாவது பேச விடாத ஆளா? நீங்களே சொல்லுங்க யக்கா. இம்புட்டு நேரமாப் பாக்குறீங்கள்ல?

மாசியில மாரிக்கு மதுரையில பெரிய லேப்ல வேலை கெடைச்சு ஹாஸ்டலுக்குப் போயிட்டா. போகும்போது சொல்லிட்டுத்தான் போனா, சாப்பிட்டீங்களா மதினின்னு ஃபோன்ல கேக்கத்தான் செய்றா. ஆனா பொங்கலுக்கு அப்புறம் ஒரு ஆட்டம் சேந்து ஆடலை. ஒண்ணு கூட. அடுப்படியில நான் மட்டும் காலை நீட்டி உக்காந்து யாரோ முகம் தெரியாத ஆளுங்களோட சோடி போட்டு ஆடுறேன். எல்லாரும் வேகமா அமுக்குறாங்க. நல்லாத்தான் ஆடுறாங்க. ஆனா பிடிக்கல யக்கா. அவ அமுக்குற வரைக்கும் காத்துட்டு இருக்குறது எனக்குப் பழகிப் போச்சு போல.

அதான் இன்னிக்குப் புளியோதரையும் மாவடுவும் கட்டி எடுத்துட்டுப் போனேன். லேப் வாசல்லயே உக்காந்து சாப்பிட்டோம். வெள்ளக் கோட்டுப் போட்டிருந்தா, நல்லா இருந்துச்சு அவளுக்கு. எல்லாம் பேசுனோம், அதாவது நான் பேசுனேன். அத மட்டும் கேக்கல. அப்புறம் பஸ்ஸ்டாண்டுக்கு என்னைய ஏத்தி விட வந்தா. அங்க வச்சுத்தான் கேட்டேன், எம்மேல கோவமாடி மாரின்னு.

அவ என்னையப் பாத்தா. பாத்துட்டே நின்னா. அதுக்குள்ள இந்த பஸ்ஸ எடுத்துட்டான், கண்டக்டர் விசில் ஊதுறான். சரி சரி, ஃபோன்ல சொல்லுன்னு ஓடி வந்து ஏறிட்டேன், பின்னாலயே நீங்களும் ஓடி வந்து ஏறுனீங்க. பின்ன, அடுத்த பஸ்ஸுக்கு நிக்க முடியுமா? அடுத்த பஸ்ஸு பத்து நிமிசத்துல இருக்கு, அது வேற விஷயம்.

என்ன யக்கா அப்படிப் பாக்குறீங்க?

நின்னுருக்கலாமோ? நின்னுருக்கலாம். பத்து நிமிசந்தான். இதையே அவ கார்த்திகையிலயும் நெனச்சிருப்பா, ஒரு நிமிசம் நின்னுருக்கலாம்ல மதினின்னு. ச்சே. கேக்குறது மட்டும் கேட்டுட்டு ஓடி வந்துட்டேன் பாருங்க.

ஃபோன் அடிக்குது. இல்ல, மெசேஜ்தான். மாரிதான்! வாய்ஸ் மெசேஜ் போட்டிருக்கா. ஒரு நிமிசம் பத்து செகண்டு. இவ வாய்ஸ் மெசேஜ நான் எப்பவும் ரெண்டு மடங்கு வேகத்துலதான் போடுவேன், பாதி நேரம் மூச்சு விடுற சத்தந்தான் இருக்கும். என்ன? வேணாமா? நிதானமாவே போடணுமா? சரி, நீங்க சொல்றீங்க. இந்தாங்க, நீங்களும் கேளுங்க.

பஸ்ஸ்டாண்டுச் சத்தம். பூ விக்கிறாங்க. ஒரு மணி நேரத்துக்கு மேல ஆச்சு, இன்னும் அங்கயேதான் நிக்கிறா போல. ஒண்ணும் பேசலையே? இருங்க. சரி, நான் பேசலை.

"மதினி... கோவம்தான்... ரொம்பக் கோவம். தை முழுக்க, மாசி முழுக்க... நீங்க இன்னிக்குக் கேட்டீங்கள்ல. வீட்டுல யாருமே கேக்கல... நீங்கதான் கேட்டீங்க... இப்ப கொறைஞ்சிருக்கு. சனிக்கிழமை சாயங்காலம் எனக்கு லீவு. அம்மிய எறக்குறேன். சிட்டு பின்னாடிதான் வரணும்... இன்னும் மூணு சுத்து பாக்கி இருக்கு மதினி."

ஒண்ணுமில்ல யக்கா. கண்ணுல தூசி. திரை சரியா மூடலை. இல்ல, தூசி இல்ல, அழுகைதான், எதுக்குப் பொய் சொல்லணும். அஞ்சு மாசம் யக்கா. அஞ்சு மாசமா நானும் அம்மி வருமா வருமான்னு ஃபோனப் பாத்துட்டே இருந்தேன்.

பதில் போடணும். சரிடி சரிடின்னு இப்பவே அமுக்கிருவேன், கை துறுதுறுங்குது. வேணாம். கொஞ்சம் பொறுத்துப் போடுறேன். அவ நாலு செகண்டு காத்திருக்கட்டும், அவளுக்குத்தான் அது பிடிக்கும்.

ஐயோ, நான் பாட்டுக்கு எங்க வீட்டுக் கதையவே பேசிட்டு வர்றேன். நீங்களும் ஏறுனதுல இருந்து எதையோ சொல்ல வர்றீங்க, நானும் பாத்துட்டுத்தான் வர்றேன். சொல்லுங்க யக்கா. யாருக்கு வளைகாப்பு? இந்தா, வாய மூடிட்டேன். நீங்க சொல்ற வரைக்கும் தெறக்க மாட்டேன். மனசுக்குள்ள எண்ணிட்டு இருக்கேன். நிதானமா, ஊறப் போட்டு, அலசிப் பிழிஞ்சு சொல்லுங்க.

...

விருதுநகர்லயா? தங்கச்சி மகளுக்கா? அஞ்சு மணிக்கா?

அடக் கடவுளே! யோவ் கண்டக்டர், நிப்பாட்டுங்க, சாத்தூர் வந்துருச்சா? எந்திரிங்க யக்கா, பைய என்கிட்டக் குடுங்க, வளையல் ஒடைஞ்சிரப் போகுது. நானும் கூட வர்றேன், அந்தப் பக்கம் போயி விருதுநகர் பஸ்ஸப் பிடிச்சுரலாம், அரை மணி நேரந்தான். மெதுவா, படி பாத்து எறங்குங்க. நீங்க முன்னாடி போங்க, நான் பின்னாடி வர்றேன்.

ஆனா யக்கா, ஒண்ணு கேக்குறேன், தப்பா நெனைக்காதீங்க. இத மொதல்லயே சொல்றதுக்கென்ன?